சன்னல் கம்பியில் பட்ட சவரக்கத்தி

என் கணவருக்குத் தக்கலையில் சலூன். தன் பழைய சவரக்கத்தியைத் தினமும் வீட்டுக்குக் கொண்டுவருவார். குடித்தால் அவர் கை நடுங்கும் என்பதால் அதைத் தீட்டுவது என் வேலை.

அன்று குழம்பில் உப்பில்லை என்று கிண்ணத்தை என் நெற்றியில் எறிந்தார். ரத்தம் கண்ணில் வழிந்தது. "போட்ட உப்பு போதும்" என்றேன்.

"எதுத்துப் பேசுகியா ஏட்டி? கழுத்த அறுத்திருவேன்!"

சவரக்கத்தியை விரித்து என் கழுத்துக்கு வீசினார். குனிந்துவிட்டேன். அது சன்னல் கம்பியில் மோதியது. என் குறுக்கெலும்பில் ஒரு மிதி மிதித்துவிட்டு, "காலையில கத்தி ரெடியா இருக்கணும்" என்று போய்ப் படுத்தார்.

விடிந்ததும் கத்தியை நகத்தில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் தடுக்கியது. என் கழுத்துக்கு ஓங்கியதில் கத்தியின் வாய் உடைந்திருக்கிறது. அதையும் நானே சரிசெய்ய வேண்டுமாம்! சாணைக்கல்லை நனைத்து, நகத்தில் தடுக்காமல் வழுக்கும்வரை தேய்த்தேன். தோல்வாரில் இழுத்தேன். தீட்டியபின் ஒரு முடியை வெட்டிப் பார்ப்பது வழக்கம்.

அவர் மல்லாந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சில் முட்டியை ஊன்றி, கத்தியை மீசையில் வைத்தேன். விழித்துக்கொண்டார்.

"அனங்காதயும். நல்லா தீட்டியாச்சு. அனங்கினா மூக்கு போவும்."

பாதி மீசை போனபோது, "வேண்டாம் மக்கா" என்று அழுதார். மீதியைக் கடையில் போய் எடுத்துக்கொள்ளட்டும் என்று இறங்கிவிட்டேன்.

அதன்பிறகு அவர் கையை ஓங்கியதில்லை. ஆனால் எனக்கு இன்றும் என்மேல் ஒரு பயம் உண்டு. அன்று என் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.