பதினோராவது பெயருக்குப் பிறகு

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு நட்டமும் இல்லை. நடுச்சாமம், வெள்ளைச் சேலை, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்களும் நிறுத்திக்கொள்ளலாம். போன வருஷம் நவம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது. பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

என் பெயர் ஆர்த்திகா. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது ஹாலிஎலையில் வாடகை வீடு, பதுளையில் ஒரு கந்தோரில் வரைபடம் வரைகிற வேலை. வீட்டின் பின்னறையில் மரத்தில் எழுத்து வெட்டுகிற ஒரு சின்ன சி.என்.சி மெஷின் வைத்திருக்கிறேன். பெட்டியில் பாகம் பாகமாக வந்ததை நானே பூட்டினேன். ஆசைக்குத் தொடங்கியது, இப்போது பெயர்ப்பலகை, எல்லவில் உள்ள ஹோட்டல்களுக்குச் சாவிக்கட்டை என்று சின்னச் சின்ன வேலை வருகிறது.

வேலை இதுதான். முதலில் கம்ப்யூட்டரில் படம் வரைவேன். பிறகு அந்தப் படத்தை மெஷினுக்குப் புரிகிற வரிகளாக மாற்றுவேன். இங்கே போ, இவ்வளவு இறங்கு, இப்படித் திரும்பு. ஒரு வரிக்கு ஒரு கட்டளை. அந்த வரிகளில் இல்லாத எதையும் மெஷின் செய்யாது. மனிதர்களை விட அதை நான் நம்பியதற்குக் காரணமே அதுதான்.

கொஸ்லந்தைப் பக்கம் கல்லூத்துத் தோட்டத்தில் மூன்று வருஷத்துக்கு முன் மண் சரிந்தது. மேல் லயம், ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள், முழுக்கப் போனது. செத்தவர்களுக்கு ஒரு நினைவுப் பலகை செய்யச் சொல்லித் தோட்ட நிர்வாகம் என்னிடம் கேட்டது. பலா மரப் பலகை, பெயர்களைக் குடைந்து வெட்ட வேண்டும். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் சிற்றம்பலம் ஐயா, தொழிலாளர் சம்பளப் பதிவான செக்ரோலைப் பார்த்து அனுப்பிய பட்டியலில் பதினொரு பெயர்.

புதன்கிழமை பின்னேரம் ஒரு பெண் பஸ் ஏறி என்னைத் தேடி வந்தாள். லதுஷா என்று பெயர். இடுப்பில் பிள்ளை. கொப்பித் தாளில் ஒரு பெயர் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். லீலாதேவி. அவளுடைய அம்மா.

"அம்மாவும் அந்த மண்ணுக்குள்ளதாங்க அக்கா இருக்கு," என்றாள். "கைக்காசுக்குக் கொழுந்து எடுத்துச்சு. செக்ரோல்ல பேரு இல்ல. ஒடம்பும் கெடைக்கல. அதுனால வேற எங்கேயோ போயிருச்சுன்னு எழுதிட்டாங்க. செத்தவங்க குடும்பத்துக்குக் குடுக்குற புது வீடும் எனக்கு இல்லேன்னுட்டாங்க."

"பலகையில பேரு வந்தா வீடு தருவாங்களா?"

"அதக் காட்டியாவது கேக்கலாமே அக்கா. இப்ப கேக்குறதுக்குக் கையில ஒண்ணுமே இல்லையே."

பன்னிரண்டாவது பெயரைச் சேர்த்தேன். படத்தைச் சிற்றம்பலம் ஐயாவின் பார்வைக்கு அனுப்பினேன். வெள்ளிக்கிழமை மாலையே போன் வந்தது.

"பிள்ளை, கடைசிப் பேர் ஆர் தந்தது?" சிற்றம்பலம் ஐயா சத்தம் போடவில்லை. அவர் எப்போதும் சத்தம் போடுவதில்லை. "செக்ரோலில இல்லாத ஆளுக்குப் பலகையில என்ன வேலை? நாளைக்கு இதைக் காட்டி வீடு கேப்பினம். எடுத்துவிடும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் புது வீடுகளுக்கு நாற்பது இலக்கப் பலகை வெட்டுகிற வேலையும் அவர் கையில்தான் இருந்தது. "சரி ஐயா" என்றேன். லயத்தில் பிறந்த எனக்கு அந்தச் "சரி ஐயா" யாரும் சொல்லித்தராமலே வந்தது. இதை எழுதும்போதும் வாய் கசக்கிறது.

ஞாயிறு. மழை இல்லை, மூடிய வானம். 1.50க்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். லீலாதேவியின் பெயரைத் தொட்டு அழித்தேன். ஒரு நொடி வேலை. மிச்சப் படத்தை வரிகளாக மாற்றினேன்.

பதினொரு பெயரையும் எழுதி முடிக்க 26 நிமிடம் வர வேண்டும். திரையில் 31 என்று வந்தது.

மறுபடி மாற்றினேன். 31.

கோப்பைத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன். பதினொரு பெயர், அதன்பின் 'நிறுத்து' கட்டளை. வேறொன்றும் இல்லை. எண்ணிக்கை சரி என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். இதை நினைவில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அந்தத் திருப்தியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நல்ல பலகையில் நேரே கட்டரை இறக்க மாட்டேன். முதலில் கட்டருக்குப் பதில் போல்பாயிண்ட் பேனையை மாட்டி, பலகை மேல் காகிதம் ஒட்டி எழுத விட்டுப் பார்ப்பேன். பிழை இருந்தால் காகிதத்தோடு போகும். அன்றும் அப்படித்தான் செய்தேன்.

2.15க்குத் தொடங்கியது. மோட்டார் 'ம்ம்ம்…' என்று முனகியது. பேனை ஒவ்வொரு பெயராக எழுதியது. நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அறையில் ஈர மண் வாசம் அடித்தது. யன்னலைச் சாத்தினேன். வாசம் கூடியது.

2.41. பதினோராவது பெயர் முடிந்தது. பேனை மேலே எழும்பியது. இனி அது தன் மூலைக்குத் திரும்பி நிற்க வேண்டும்.

திரும்பவில்லை.

அந்தரத்தில் நின்றது. ஏதோ யோசிப்பது போல… அப்படியே நின்றது.

பிறகு காகிதத்தின் கீழ்ப்பகுதிக்கு நகர்ந்தது. லீலாதேவி என்று எழுதப்போகிறது என்றுதான் நினைத்தேன். அழித்தது சரியாக அழியவில்லை, அவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அது பெயர் எழுதவில்லை.

ஒரு சின்ன வட்டம் போட்டது. தள்ளிப் போய் ஒரு கட்டம் போட்டது. பக்கத்தில் இன்னொரு கட்டம். இன்னொன்று… பத்துக் கட்டங்கள், ஒட்டி ஒட்டி, வரிசையாக. சுவரோடு சுவர்.

லயத்தில் பிறந்தவளுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டுமா?

நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். நிற்கவில்லை.

கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. பேனை ஏழாவது கட்டத்திலிருந்து ஒரு கோடு இழுத்தது. நேர்க்கோடு இல்லை. சரிவில் உருளுவது போல… வளைந்து வளைந்து… கீழே.

2.45. சுவரிலிருந்து மெஷினின் கரண்ட் பிளக்கையே பிடுங்கினேன்.

மெஷின் விளக்கு அணைந்தது. மோட்டார் முனகல் அடங்கியது.

பேனை நகர்ந்துகொண்டிருந்தது.

சத்தமே இல்லாமல்.

காகிதத்தில் உரசுகிற சத்தம் மட்டும்… சரக்… சரக்… சரக்…

ஒரே இடத்தில். முன்னும் பின்னும். அதே இடத்தில்.

காகிதம் கிழிந்தது. நிற்கவில்லை.

மரத்தைச் சுரண்டியது.

சரக்… சரக்…

"அம்மா…" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. "நான் சொல்றேன்… உங்க மககிட்ட கொண்டுபோய்க் குடுக்குறேன்…"

நின்றது.

2.46.

பக்கத்து வீட்டு டிவியில் யாரோ சிரித்தார்கள். காகிதத்தைத் தொட்டேன். தண்ணீரில் ஊறியது போல் நனைந்திருந்தது. கூரையில் ஒழுக்கு இல்லை.

அன்றிரவு நான் தூங்கவில்லை. விடிந்ததும் லீவு போட்டுவிட்டு முதல் பஸ் பிடித்தேன். லதுஷா பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில், மூன்று குடும்பத்தோடு இருந்தாள். காகிதத்தைக் கண்டதும் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டாள்.

"இது எங்க லயம். இது ஏழாவது காம்பரா… எங்களது. இந்த வட்டம் தண்ணித் தொட்டி. தொட்டி இன்னும் நிக்குது அக்கா. யாரு வரைஞ்சது?"

"தெரியாது" என்றேன். அது பொய்யும் இல்லை.

நான் வரைபடம் வரைகிறவள். அளவுகோலை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டமும் பத்து மில்லிமீட்டருக்குப் பன்னிரண்டு. லயத்துக் காம்பராவோ பத்தடிக்குப் பன்னிரண்டடி. அப்படியானால் ஒரு மில்லிமீட்டர் ஓரடி. தொட்டியிலிருந்து அந்தக் கிழிசல் அறுபத்து மூன்று மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. அது லயம் இருந்த இடமே இல்லை, மண் இழுத்துக்கொண்டு போன இடம். அங்கே யாரும் தேடியதில்லை.

தோட்டத்தில் எவருக்கும் கதை சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. நிமலன் என்று, தேயிலைச் செடி வெட்டிவிடுகிற ஒரு கவ்வாத்துக்காரர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். இன்னும் மூன்று பேர் பின்னால் போனார்கள். தொட்டியிலிருந்து அறுபத்து மூன்று அடி. இரண்டு நாள் வெட்டினார்கள். ஆறடி ஆழத்தில் கூரைத் தகரம் தட்டுப்பட்டது. பெயர்ந்து வந்த சுவர்த்துண்டு ஒன்றின் மேல் தகரம் சாய்ந்து கிடந்தது. நடுவில் ஓர் ஆள் உட்காருகிற அளவு இடம். அங்கே எலும்பாக இருந்தாள். பொலித்தீனில் சுற்றிய அடையாள அட்டை பக்கத்தில் கிடந்தது. லீலாதேவி.

போலீசுக்குச் சொன்னோம், அவர்கள் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். அந்த வாரமே சிற்றம்பலம் ஐயா போன் எடுத்தார். அதே அமைதியான குரல்.

"பிள்ளை, பன்னிரண்டாவது பேரையும் போட்டுவிடும். உடல் கிடைச்சிட்டுதெல்லே. ஆனா வீட்டுப் பட்டியல் முடிஞ்சுது. இனி அடுத்த கட்டத்திலதான் பாக்கலாம்."

பெயரைப் போட்டேன். நாற்பது இலக்கப் பலகையையும் வெட்டிக் கொடுத்தேன். அதில் ஒன்றுகூட லதுஷா வீட்டுக்கு இல்லை. என்னைத் திட்டுகிறவர்கள் திட்டலாம், நானே தினமும் திட்டிக்கொள்கிறேன்.

அந்தக் கோப்பை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். பதினொரு பெயர் எழுதும், தன் மூலைக்குப் போகும், நிற்கும். 26 நிமிடம்.

இந்தத் தை மாதம் நிமலன் அண்ணன் பதுளைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது என் வீட்டுக்கும் வந்தார். லதுஷாவிடம் சொல்லாத ஒன்றை என்னிடம் சொன்னார்.

"அந்தச் சுவர்த்துண்டுல ஒரு ஓட்டை இருந்துச்சு தங்கச்சி. உள்ளேருந்து சுரண்டுனது. என் கை முழங்கை வரைக்கும் போச்சு. அந்தம்மா கையில ஒரு எவர்சில்வர் கரண்டி. பாதிதான் இருந்துச்சு… மத்தப் பாதி தேஞ்சு போச்சு."

 அவர் தொடர்ந்தார்.

"நாலாம் நாளு தேடுறத நிப்பாட்டிட்டாங்க. அதுக்குள்ள பதினொரு ஒடம்பு எடுத்தாச்சு. செக்ரோலோட சேத்துப் பாத்தாங்க, ஆள் கணக்குச் சரின்னாங்க. மண்ணு தோண்டுற மெஷினை எல்லாம் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க."

அவர் போனபின் சமையலறையில் இருந்து ஓர் எவர்சில்வர் கரண்டியை எடுத்தேன். பின்பக்கச் சுவரில் சுரண்டத் தொடங்கினேன். தினமும் இரண்டு மணி நேரம். உள்ளங்கை பொத்துப்போகும்வரை, பதினைந்து நாள்.

கரண்டி நகத்தளவுதான் தேய்ந்திருக்கிறது.