குறுக்கே பேசக் கூடாது

அந்தோணியார் நகர் மூன்றாவது தெருவில் ஜெயசீலி அம்மாவுக்குப் பயப்படாதவர்கள் கிடையாது. கெட்டவர் என்பதால் இல்லை. சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவர். யாராவது சுருதி விலகினால் பாட்டை நிறுத்தாமலே திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். பார்வை பட்டவர் அடுத்த ஞாயிறு வரை வாயசைப்பதோடு சரி.

கணவர் ராயப்பன் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வெள்ளானூர் போகிற வழியில் மனை வாங்கி வீடு கட்டியது எல்லாமே அந்த அம்மாவின் ஏற்பாடு. ராயப்பன் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லவந்ததை ஜெயசீலியே சொல்லி முடித்துவிடுவார், பெரும்பாலும் வேறு விதமாக.

போன வருஷம் தெருவுக்கு மழைநீர் கால்வாய் வருவதாகச் செய்தி வந்தது. தெருவில் ஒரு பக்கத்துக்குத்தான் இடம்; வருகிற பக்கத்து வீடுகளின் வாசல்படி போய்விடும். வடக்கா, தெற்கா என்று நீங்களே கூடிப் பேசி முடிவு சொல்லுங்கள், பகுதி சபையில் வைத்துவிடலாம் என்றார் கவுன்சிலர் கிருஷ்ணப்பிரியா.

சமுதாயக் கூடத்தில் நடந்த முதல் கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதிகச் சத்தம் அண்ணன் தம்பியான வேம்புலிக்கும் வீராசாமிக்கும். அப்பா விட்டுப்போன நிலத்தின் நடுவே தெரு விழுந்ததால், அண்ணன் வேம்புலி வடக்கு, தம்பி வீராசாமி தெற்கு. காதுகுத்துப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன தகராறில் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அன்றைக்குப் பேசிக்கொண்டதையும் பேச்சு என்று சொல்ல முடியாது. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கால் ஒடிந்தது.

“அடுத்த கூட்டத்த நீங்கதான் நடத்தணும்மா” என்று கவுன்சிலர் ஜெயசீலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜெயசீலி மேஜை மணி ஒன்றோடு வந்தார். கரும்பலகையில் விதிகளை எழுதினார். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். மரியாதையாகப் பேச வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம். நியாயமாக இருக்கட்டும் என்று கடைசியில் ஒன்றைச் சேர்த்தார்: தலைவர் எந்தப் பக்கத்துக்காகவும் பேசக் கூடாது. அதை எழுதியதற்காக அன்றே நொந்துகொண்டார்.

முதலில் வேம்புலி எழுந்தார். “இவன் இன்னா பண்ணிகீறான்னா...”

டிங். “இவன் இல்ல. என்னைப் பாத்துப் பேசுங்க. மரியாதையா.”

வேம்புலி கொஞ்சம் யோசித்தார். “தலைவர் அம்மா, உறுப்பினர் வீராசாமி அவங்க, ஊட்டு சுவத்த ரோட்டுல தள்ளிக் கட்டிகீறாங்க. அத இடிச்சிட்டு அங்கியே கால்வாய போட்டா ஷோக்கா இருக்கும்னு தாழ்மையோட சொல்லிக்கிறேன்.”

கைதட்டல். வீராசாமி முறை வந்தது.

“தலைவர் அம்மா, அந்த சுவத்துக்கு செங்கல் எடுத்துக் குட்த்ததே உறுப்பினர் வேம்புலி அவங்கதான். நீங்களே ஞாபகப்படுத்துங்க.”

“அப்ப நாங்க பேசிகினு இருந்தோம், தலைவர் அம்மா” என்றார் வேம்புலி, தரையைப் பார்த்து.

வீராசாமி தொண்டையைச் செருமினார். “தலைவர் அம்மா, அவருக்கு முட்டி வலி இப்ப எப்டி கீதுன்னு கேட்டுச் சொல்லுங்க.”

“இதுக்கும் கால்வாய்க்கும் என்ன சம்பந்தம்?”

“கால்வாய தாண்டி நடக்கணும்ல?”

ஜெயசீலி அனுமதித்தார்.

“ஊசி போட்டுகினு கீறேன்னு சொல்லுங்க.”

“ஊசி வாணாம், தைலமே போதும்னு சொல்லுங்க.”

“இன்னா தைலம்னு கேளுங்க.”

டிங். நேரம் முடிந்தது.

இனி ஜெயசீலி வீட்டின் முறை. அவர் வீடும் வடக்குப் பக்கம்தான். கால்வாய் அந்தப் பக்கம் வந்தால் அவர் ஆசையாகப் போட்ட பளபளப்பான கிரானைட் வாசல்படி போய்விடும். அவர் பேச முடியாது. அதனால் காலையில் இட்லி வைக்கும்போதே ராயப்பனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்: “தெற்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காந்துருங்க.”

ராயப்பன் எழுந்தார். “தெற்குன்னு சொல்லத்தான் வந்தேன். ஆனா...”

“என்னங்க ஆனா?” என்று பாய்ந்தார் ஜெயசீலி.

வீராசாமி கரும்பலகையைக் காட்டினார். “தலைவர் அம்மா, குறுக்க பேசக் கூடாது.”

ராயப்பன் அந்த வரியை நிதானமாகப் படித்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

“அப்ப இந்த அஞ்சு நிமிஷமும் எனக்கேவா?”

“ஆமா” என்றது கூடம் முழுவதும்.

“தண்ணி வந்து நிக்கறது வடக்குல. இது இங்க எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயத் தொறக்கல. கால்வாய் எங்க பக்கம்தான் வரணும். படி போனாப் போகட்டும். வழவழன்னு கல்லு போடாதன்னு சொல்ல வந்தேன், அதுக்குள்ள போட்டாச்சு. வழுக்கி விழுந்தது நான்.” மூச்சு வாங்கினார். “இன்னும் நேரம் இருக்கா?”

“இருக்கு” என்றார் ஜெயசீலி, பல்லைக் கடித்துக்கொண்டு.

“கோதுமை உப்புமாவும் எனக்குப் பிடிக்காது. திருச்சபையே வந்து சொன்னாலும் பிடிக்காது.”

சிரிப்பில் கூடம் அதிர்ந்தது. ஜெயசீலியின் விரல் மணிமேலேயே இருந்தது. ஆனால் நேரம் முடிகிறவரை அழுத்தவில்லை. அதைத் தெருவே பார்த்தது.

“படியவே குடுக்கறாரு மனுசன்” என்று வேம்புலி முதலில் கை தூக்கினார். வடக்கு என்று முடிவானது.

வீட்டுக்கு நடக்கும்போது ஜெயசீலி கேட்டார்: “கல்லு வழுக்குதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேன் ஜெயா. நீ பேசிட்டு இருந்த.”

ஜெயசீலிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பால் பூத் வரைக்கும் அது தாங்கவில்லை. நடுத்தெருவில் நின்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

வடக்கில் கால்வாய் வந்தது. அந்தக் கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. கொசு மட்டும் கூடிவிட்டது. அண்ணனும் தம்பியும் தெருவில் பார்த்தால் இன்னும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரைத் தனித்தனியாகப் போய்க் கேட்டார்கள்.

அது காலி இடத்தைப் பற்றிய கூட்டம்: பூங்காவா, பேட்மிண்டன் கோர்ட்டா? தலைவராக மாட்டேன், எனக்கு அதில் கருத்து இருக்கிறது என்று ஜெயசீலி சொல்லிவிட்டார். கறிக்கடை யூசுப் பாய் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெயசீலி தன் நேரம் முழுவதையும் பேசி, பூங்காவை வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

பூங்காவும் வந்துவிட்டது. வேலப்பன்சாவடி கல்லூரிப் பிள்ளைகள் வந்து வரிசையாக வேப்பங்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆடு மேய்ந்தது போக, இரண்டு பிழைத்திருக்கின்றன.