தஞ்சோங் கிளிங் கடற்கரைக்கு அமாவாசையன்று போனோம்

மலாயாவில், செங் ஊருக்கு அப்பால் இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து கடல் பதினாறு மைல். பதினொரு வருடமாக இங்கே பால் வெட்டும் செல்லம்மாக்காவுக்கு அது தெரியாது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கு சேர இரண்டு நாள் இருக்கும்போது அவர் புருஷன் காய்ச்சலில் இறந்துபோனார். உடலைக் கடலில் இறக்கிவிட்டார்கள். ஒரு பிடி சோறாவது அந்தத் தண்ணீரில் போட வேண்டும் என்பதுதான் அக்காவின் ஆசை. தோட்டத்துப் பள்ளி வாத்தியாரான நான் பேச்சுவாக்கில் தூரத்தைச் சொன்னதும், மாசி அமாவாசைக்கே போகலாம் என்றார். ரப்பர் இலையுதிரும் பருவம். லீவு கேட்டால் கிடைக்கும்.

காலை ஏழரைக்குச் சாலை முனையில் பஸ். மலாக்கா டவுன் ஒன்பது மைல், இருபது காசு. அங்கே இரண்டு மணி நேரம் காத்திருந்து பஸ் மாறினால் தஞ்சோங் கிளிங் ஏழு மைல், பதினைந்து காசு. இடப்பக்கம் உட்காருங்கள், தென்னைகளுக்கு நடுவே கடல் தெரியும்.

பதினொன்றுக்கு இறங்கினோம். சவுக்கு நிழல், சுத்தமான மணல், ஐஸ் தண்ணீர் விற்கும் சீனர், எல்லாம் இருந்தன. கடலைத்தான் காணோம். அரை மைலுக்குச் சாம்பல் நிறச் சேறு.

ஆழத் தண்ணீர் வரை போகும் பலகைப் பாலம் ஒன்று உண்டு. அது வெள்ளைக்காரர்களின் குளியல் மன்றத்துக்குச் சொந்தம். வாசலில் காக்கிச் சட்டை போட்ட தமிழர் மறித்து, அக்கா கையிலிருந்த தூக்குவாளியை மோந்து பார்த்தார்.

"தொரைங்க மட்டும்தான். ஏம்மா, கடலுக்கே கருவாட்டுக் கொழம்பா கொண்டாந்திருக்க?"

"அந்தாளுக்கு அதுதான் புடிக்கும்" என்றார் அக்கா.

காவல்காரர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். நான் சண்டை போட்டேன். திறந்தால் தன் வேலை போய்விடும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். காவலுக்குத் தமிழன் வேண்டும், அவன் பாலத்தில் நடக்க மட்டும் கூடாது.

வலை பின்னிக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவரிடம் கேட்டேன். தண்ணீர் கரைக்கு வர ஆறு மணியாகும் என்றார். எங்கள் கடைசி பஸ் நாலரைக்கு. விட்டால் மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்துப் பெயர் கூப்பிடும்போது அக்கா இருக்க மாட்டார்.

அக்கா சேலையைத் தூக்கிச் செருகினார். "அது வராட்டி நாம போவோம் வாத்தியாரே."

மலாய்க்காரர் வலையை வைத்துவிட்டு, கேட்காமலே ஒரு கழியோடு முன்னால் நடந்தார். கால் புதையாத இடமாகக் குத்திப் பார்த்துக் காட்டினார். நாற்பது நிமிடம். என் செருப்பு ஒன்று சேற்றோடு போயிற்று.

முழங்கால் தண்ணீரில் அக்கா சோறும் குழம்பும் வைத்த வாழையிலையை மிதக்கவிட்டார். அழவில்லை.

"இம்புட்டுக் கிட்டத்துல இருந்திருக்கய்யா. எனக்கு ஒருத்தரும் சொல்லல."

பிறகு மூன்று முறை முங்கி எழுந்தார்.

யார் சொல்வார்கள்? கடை, கோயில், கள்ளுக்கடை எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே வைத்திருப்பது நாம் வெளியே வழி கேட்காமல் இருக்கத்தானே?

போகிறவர்களுக்கு: அமாவாசை, பௌர்ணமியில் மதியம் தண்ணீர் வெகுதூரம் போய்விடும். அரைநிலா நாளில் போங்கள், அல்லது கரையில் இருக்கும் மீனவரைக் கேளுங்கள். நல்ல செருப்பு வேண்டாம். திரும்பும் பஸ்ஸில் டிரைவர் திட்டுவார்; சீட்டில் விரிக்க ஒரு சாக்கு எடுத்துப்போங்கள்.

அன்று மாலை தொழிலாளர் லயத்துக் குழாயடியில் கால் கழுவும்போதே இரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் கப்பலில் கைக்குழந்தையைப் பறிகொடுத்தவர். எந்தப் பஸ், எங்கே மாறுவது, சேற்றில் எப்படிக் கால் வைப்பது என்று அக்காவே சொல்லிக்கொண்டிருந்தார்.