மறுபக்கத்தில் அத்தா சொன்ன கல்லூரி

தம்பி மகளுக்கு மருத்துவப் படிப்பில் இடம் உறுதி. நேற்று என் கிளினிக்குக்கு வந்தவள் போனை நீட்டி, "மாமி, சென்னைய முதல்ல போடவா, தஞ்சாவூரையா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், துபாயிலிருக்கும் என் தம்பி அதே போனில் முகம் காட்டி, "சென்னை!" என்று சொல்லிவிட்டு மறைந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் அப்பாவும், எங்களுக்கு அத்தா, அந்தப் பக்கம்தான் வேலை பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் கீழ்வேளூர் வந்து சேர இருபது நாளாகும்.

தெருவுக்கு டெலிபோன் வராத காலம். லீவில் ஊருக்கு வரும் யாரிடமாவது கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவார். கைலி மடிப்புக்குள் இருக்கும். வெளிநாட்டு சோப்பு வாசனையோடு வெளியே எடுப்போம். முதல் பக்கம் எல்லோருக்கும். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, நாங்கள் பதில் சொல்வதற்காகக் கொஞ்சம் நிறுத்துவார். நாங்களும் டேப்ரிக்கார்டரைப் பார்த்து, "சாப்பிட்டோம் அத்தா" என்போம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது இல்லை.

மறுபக்கம் அம்மாவுக்கு மட்டும். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பாள். பதிலை அதே கேசட்டில், அத்தா பேசியதன் மேலேயே பேசித் திருப்பியனுப்புவோம்.

எனக்குச் சென்னை மேல் கொள்ளை ஆசை. வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு மின்சார ரயிலில் போவதாகக் கனவு. அம்மாவோ தஞ்சாவூர் என்றாள். அத்தா சொல்வதுதான் முடிவு என்று ஒத்துக்கொண்டு எழுதிப் போட்டோம். கவுன்சிலிங்குக்கு நாலு நாள் இருக்கும்போது கேசட் வந்தது. மறுபக்கத்தைக் கேட்டு முடித்த அம்மா அடுப்படிக் கதவைத் திறந்துகொண்டு வந்து, "தஞ்சாவூரையே எடுக்கச் சொல்லிட்டாங்கடி" என்றாள். நான் அழுதேன். பதில் பேச உட்கார்ந்தபோது, என்றுமில்லாமல் மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டு, "இதுல பேசு" என்றாள். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவு மார்க் வாங்கிய மூளை அது! மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நீங்க சொன்ன மாதிரி தஞ்சாவூரே எடுக்குறேன் அத்தா" என்று பேசினேன்.

அடுத்த கேசட்டில் அத்தா, "நல்லதும்மா, வாராவாரம் வீட்டுக்கு வந்துடு" என்றார். வந்தேன். சனிக்கிழமை பாசஞ்சர் ரயில், இரண்டு பக்கமும் நடவு வயல், வீட்டில் எனக்கென்று எடுத்து வைத்த மீன் குழம்பு. ஒரு வருடத்தில் சென்னையை மறந்தே போனேன்.

அம்மா மவுத்தாகி, அடக்கம் செய்து, நாற்பதாம் நாளும் கழிந்த பிறகுதான் அத்தா சொன்னார்: "நான் சென்னைக்குப் போகச் சொல்லித்தாம்மா பேசுனேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அத்தா!"

"உன் பதிலக் கேட்டதுமே புரிஞ்சிடுச்சு. உங்கம்மா எதுவும் வேணும்னு கேக்காதவ. அத்தன வருசம் பொட்டிகிட்டயே பேசிக்கிட்டுத் தனியா கிடந்தா. நீயாச்சும் பக்கத்துல இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

எனக்கு அம்மா மேல் கோபமே வரவில்லை. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

போன வருடம் அத்தாவும் போய்விட்டார். என் படிப்பைப் பற்றி அவர் பேசியது போகட்டும். அன்று அடுப்படிக்குள் அம்மாவிடம் மட்டும் வேறென்னவெல்லாம் சொன்னார் என்று கேட்க இனி ஆளில்லை. அதன் மேல்தான் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசி வைத்தேன்.