மேக்கணக்கு பங்களாக் கண்ணாடி

கல்யாண அல்பத்தைப் பார்த்து அழுத பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் பெயர் சுதாகரன், மஸ்கெலியா டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். சேலை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் திட்டு எனக்குத்தான் விழும். நீங்களாவது சொல்லியிருக்கலாமே என்பார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் போய், தங்கச்சி, உன் கொசுவம் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது என்று நான் எப்படிச் சொல்வது?

எனக்கு அடுத்தபடியாகத் திட்டு வாங்குகிறவள் தனுஜா. நாலு கடை தள்ளி மணப்பெண் அலங்காரக் கடை வைத்திருக்கிறாள். முப்பத்திரண்டு வயது. தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவை நாங்கள் மேக்கணக்கு என்போம், அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். கொழும்பில் கார்மென்ட்ஸில் நாலு வருஷம் தைத்து, அந்தக் காசில் ஹட்டனில் அலங்காரம் படித்து, திரும்பி வந்து கடை போட்டவள். கையில் கெட்டிக்காரி. வாயில் அதைவிடக் கெட்டிக்காரி. என்னை அண்ணே அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே மட்டம் தட்டுவாள்.

அவளுக்கு எல்லாம் இருந்தது, ஒரு நல்ல கண்ணாடி மட்டும் இல்லை. கடையில் இருந்தது இடுப்போடு நின்றுவிடும். லயத்து வீடுகளில் மாட்டியிருப்பது முகத்தை மட்டுந்தான் காட்டும். ஆக எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி, மணக்கோலத்தில் தன்னைத் தலையிலிருந்து கால்வரை முதன்முதலில் பார்ப்பது மூன்று வாரம் கழித்து என் அல்பத்தில். அப்போது பார்த்து என்ன பிரயோஜனம்?

போன வருஷம் சர்மிளா என்ற பெண்ணுக்கு அப்படித்தான் நடந்தது. பின்பக்கம் சேலை ஏறி, பாவாடை ஓரம் வெளியே தெரிந்து, நாற்பது படத்திலும் அப்படியே விழுந்திருந்தது. அந்தப் பிள்ளை அல்பத்தைக் கையால் தொடமாட்டேன் என்றுவிட்டது. தனுஜா என் ஸ்டூடியோவில் உட்கார்ந்து அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு விசும்பி விசும்பி அழுதாள். எனக்கும் அன்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. கேமராவுக்குள் பார்த்தவன் நான்தானே.

அதன் பிறகு பெரிய கண்ணாடிக்கு அலைந்தாள். முதலில் வாங்கியது ஹட்டனிலிருந்து வரும் வழியில் ஒரு வளைவில் லொறி குலுங்கி உடைந்தது. இரண்டாவது பத்திரமாக வந்து சேர்ந்தது, ஆனால் மலிவுக் கண்ணாடி, நடுவில் அலை ஓடியது. அதன் முன்னால் யார் நின்றாலும் இடுப்பு அண்டா மாதிரி தெரியும். ஒரு மணப்பெண் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சோறு தின்னவில்லையாம். தனுஜா அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் மேக்கணக்கு பங்களாச் சாமான்களை ஏலம் விடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. தோட்டத்துத் துரை இருந்த பங்களாவை ஹோட்டலாக மாற்றுகிறார்களாம். கொழும்பு ஏலக் கம்பெனி ஒன்று பேஸ்புக்கில் படம் படமாகப் போட்டிருந்தது. பழைய நகைப்பெட்டி, வெள்ளிக் கரண்டி, எண்ணெய் ஓவியங்கள், கூண்டுக் கடிகாரம், முத்திரை ஒட்டிய அல்பம். நாற்பத்தேழாவது படத்தில் தேக்குச் சட்டம் போட்ட ஆளுயரக் கண்ணாடி நின்றது.

தனுஜா போனை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். அந்தக் கண்ணாடியை அவளுக்குத் தெரியும். அவளுடைய அம்மா அம்மாக்கண்ணு இருபத்திரண்டு வருஷம் அந்தப் பங்களாவில் வேலை பார்த்தவர். பதினைந்து வயதில் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன தனுஜா, துரை இல்லாத நேரம் பார்த்து அதன் முன்னால் ஒரு நிமிஷம் நின்றிருக்கிறாள். அது பொய் சொல்லாத கண்ணாடி என்று அன்றே தெரிந்துகொண்டேன் என்றாள். அது கிடைத்தால் தன் கடையிலிருந்து இனி ஒரு பெண்ணும் அரைகுறையாகப் படியிறங்க மாட்டாள் என்றாள். தொண்ணூறாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தாள். ஆரம்ப விலை நாற்பதாயிரம்.

ஏலம் எப்படிக் கேட்பது என்று என்னைக் கேட்டாள். அங்கேதான் நான் வாயைக் கொடுத்தேன். இதில் என்ன இருக்கிறது, நம் கோயிலில் கேட்காததா, ஏலம் எங்கேயும் ஏலம்தான் என்றேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எப்போதும் உண்டு.

எங்கள் மாரியம்மன் கோயில் ஏலத்தைச் சொல்லியாக வேண்டும். திருவிழா முடிந்ததும் சூலத்தில் குத்திய எலுமிச்சம்பழம், அம்மனுக்குச் சாத்திய சேலை, வாழைத்தார் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஒரு எலுமிச்சம்பழம் பதினெட்டாயிரத்துக்கு விலைபோனதும் உண்டு. அங்கே எதிராளி வேண்டும் என்பதே இல்லை. யாரும் மேலே கேட்காவிட்டால் கேட்டவரே தன் விலைக்கு மேல் ஐந்நூறு, இன்னும் ஐந்நூறு என்று ஏற்றிக்கொண்டு போவார். ஆத்தா பொருளை அடிமாட்டு விலைக்கு எடுத்தான் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது. மூன்று வருஷத்துக்கு முன் அம்மன் சேலையை எடுத்த தனுஜா, தனியாளாக நின்று தன் விலையைத் தானே ஐந்து தடவை ஏற்றினாள். கூட்டம் கைதட்டியது. அவளுக்குத் தெரிந்த ஏலம் அது ஒன்றுதான்.

ஏல நாளன்று பங்களா வாசலில் கார்களாக நின்றன. உள்ளே பெயர் எழுதிக்கொண்டு ஆளுக்கொரு நம்பர் அட்டை கொடுத்தார்கள். தனுஜாவுக்கு முப்பத்தொன்று. பின்வரிசையில் போய் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பக்கத்தில் பௌசியா அக்கா இருந்தார். ஹட்டனில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர், மணப்பெண்களுக்கு நகை செட் வாடகைக்கும் கொடுப்பார். தனுஜா அவரிடம்தான் எடுப்பாள். அவர் நகைப்பெட்டிக்காக வந்திருந்தார், ஒரு கல்வளையலைக் கேட்டுத் தோற்ற எரிச்சலில் இருந்தார். எங்களுக்குப் பின்னால் ஏலக் கம்பெனிப் பெண் ஒருத்தி காதில் போனை வைத்துக்கொண்டு, தூரத்தில் இருப்பவர்களுக்காக அவ்வப்போது கையை உயர்த்திக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியின் முறை வந்தது. ஏலக்காரர் இங்கிலீஷிலும் சிங்களத்திலும் சொல்லிவிட்டு நாற்பதாயிரம் என்றார். தனுஜா அட்டையை உயர்த்தினாள். வேறு ஒருவரும் அசையவில்லை. கொழும்புக்காரர்களுக்கு அந்தப் பாரத்தை மலை இறக்குவதில் விருப்பம் இல்லை போலிருந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

தனுஜா மறுபடியும் அட்டையை உயர்த்தினாள். பின்வரிசையில் கை தெரிந்ததும், போன்காரப் பெண்ணின் கை என்று நினைத்தாரோ என்னவோ, ஏலக்காரர் நாற்பத்தைந்து என்றார். மறுபடி உயர்த்தினாள். ஐம்பது. நானும் மண்டையை ஆட்டிக்கொண்டிருந்தேன். கோயிலில் பார்த்துப் பழகிய கண், அதில் எனக்குத் தப்பாக ஒன்றுமே தெரியவில்லை.

முன்வரிசையில் நீலச் சட்டை போட்ட ஒருவர் திரும்பிப் பார்த்தார். காலிப் பட்டணத்திலோ எங்கோ பழம்பொருள் கடை வைத்திருக்கிறவராம். ஒரு பெண் இவ்வளவு அவசரமாக விலையை ஏற்றினால் அந்தக் கண்ணாடியில் ஏதோ இருக்கிறது என்று கணக்குப் போட்டிருப்பார். அவர் அட்டையை உயர்த்தினார். அப்புறம் விலை எங்கேயும் நிற்கவில்லை. அறுபது, எழுபது, எண்பது, தொண்ணூறு. தொண்ணூறு தனுஜாவுடையது. நீலச் சட்டை தொண்ணூற்றைந்து என்றார்.

தனுஜாவின் கை மடியில் விழுந்தது. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எங்கே தப்புச் செய்தோம் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

பௌசியா அக்கா எழுந்து நின்றார். கை தட்டி ஏலக்காரரை நிறுத்தினார். அழகான சிங்களத்தில் சொன்னார்: இந்தப் பிள்ளை தன் விலைக்கு மேல் தானே இரண்டு தடவை ஏறியிருக்கிறாள், உங்கள் புத்தகத்தைப் பாருங்கள். இவர்கள் கோயிலில் அப்படித்தான் கேட்பார்கள். எங்கள் பள்ளிவாசலில் கந்தூரி விருந்துக்கு வந்த கோழியை ஏலம் விட்டாலும் நாங்களும் அப்படித்தான் கேட்போம். போன மாதம் ஒரு முட்டையை என் புருஷன் தன் விலைக்கு மேல் தானே ஏற்றி ஐயாயிரத்துக்கு எடுத்து வந்தார், நானும் பொரித்துக் கொடுத்தேன்.

மண்டபமே சிரித்தது. ஏலக்காரர் சிரிக்கவில்லை. எழுதுகிற பையனிடமிருந்து தாளை வாங்கிப் பார்த்தார். முப்பத்தொன்று, முப்பத்தொன்று, முப்பத்தொன்று என்று மூன்று வரி இருந்தது. கவனிக்காதது தன் பிழை என்று ஒத்துக்கொண்டார். ஏலத்தில் சந்தேகம் வந்தால் அந்தப் பொருளை மறுபடி முதலிலிருந்து விடலாம் என்று விதியில் இருக்கிறது, அப்படியே செய்கிறேன் என்றார்.

நீலச் சட்டைக்காரர் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில் தனுஜாவைக் கேட்டார். ஏன் அப்படி ஏற்றினீங்க, அந்தக் கண்ணாடியில என்ன இருக்கு?

தனுஜா எழுந்து நின்றாள். "ஒண்ணும் ஒளிச்சி வைக்கலைங்க ஐயா. எங்க பொண்ணுங்க கல்யாணத்தன்னைக்கு அவங்கள முழுசா பாக்கணும், அதுக்குத்தான் கேட்டேன். இவ்வளவு நல்ல பொருள மலிவா தூக்கிட்டுப் போனா அதுக்கு மரியாதை இல்லைனு நெனச்சிட்டேன்."

அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அட்டையை முழங்காலில் கவிழ்த்து வைத்தார். ரகசியம் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததால் விட்டாரா, மனசு கேட்காமல் விட்டாரா என்பது அவருக்குத்தான் தெரியும். நான் அவரை நல்ல மனுஷன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மறுபடி நாற்பதாயிரம். தனுஜா அட்டையை உயர்த்தினாள். ஏலக்காரர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், போன்காரப் பெண்ணையும் பார்த்தார். ஒருவரும் இல்லை. ஒரு தரம் என்றார். எனக்குப் பக்கத்தில் தனுஜாவின் கை மெல்ல எழும்பியது. பழக்கதோஷம், அது அவளைக் கேட்டு எழும்பவில்லை. பௌசியா அக்கா அந்த மணிக்கட்டை எட்டிப் பிடித்து அமுக்கினார்.

"மகள், கைய கீழ வைங்க. இது சாமிக்குப் போற காசு இல்ல."

இரண்டு தரம். மூன்று தரம். சுத்தியல் மேசையில் விழுந்தது. தனுஜா பௌசியா அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். அக்கா அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, என் மகள் ஸஹ்லாவின் கல்யாணத்துக்கு நீங்கள்தான் அலங்காரம், அந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான் என்றார்.

தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியைக் கேட்டு வாங்கினோம். இரண்டு மெத்தைக்கு நடுவில் கண்ணாடியை வைத்துக் கட்டி, நானும் தனுஜாவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அணைக்கட்டுப் பக்கம் திரும்பும்போது, மிச்சக் காசில் ஒரு பங்கை வருகிற திருவிழாவில் ஆத்தா எலுமிச்சம்பழத்துக்குக் கேட்கப் போவதாகச் சொன்னாள். அங்கே உன் கையை யாரும் பிடிக்கமாட்டார்கள், ஆசை தீர ஏறு என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தாள்.

கடைக் கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. கூரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருந்தது. சுவரோடு நிறுத்தி முடித்தபோது அம்மாக்கண்ணு அம்மா வந்துவிட்டார். மேக்கணக்கிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். மேசையில் கிடந்த பழைய பேப்பரைக் கசக்கி, தண்ணீர் தொட்டு, பக்கவாட்டில் நின்றுகொண்டு கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருஷம் எப்படித் துடைத்தாரோ அதே மாதிரி.

"ஏம்மா ஓரமா நிக்கிறீங்க?" என்றாள் தனுஜா.

"இப்பிடித்தான் தொடைப்பேன். முன்னுக்கு நின்னா, வேலைக்காரி அழகு பாக்குறானு தொரைசானி நெனைச்சிக்கும்ல. கண்ணாடியத்தான் பாப்பேன், என்னைய பாக்கமாட்டேன்."

தனுஜா பேப்பரை வாங்கி மேசையில் வைத்தாள். அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்து, கண்ணாடிக்கு நேரே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, தான் விலகிக்கொண்டாள். அம்மாக்கண்ணு அம்மா தலையைப் பார்த்தார். நெஞ்சைப் பார்த்தார். பார்வை மெல்லக் கீழே இறங்கிப் பாதத்தில் போய் நின்றது. சேலை இடப்பக்கம் ஒரு சாண் தூக்கிக்கொண்டு நின்றது.

"இத்தன வருசமா இப்பிடியா கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்? ஒருத்தரும் சொல்லலியே."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். தனுஜா ஊசியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். கொசுவத்தை அவிழ்த்து, மணப்பெண்ணுக்கு மடிக்கிற மாதிரி ஒவ்வொரு மடிப்பாக எடுத்து, பாதத்தைத் தொடும்படி இறக்கிக் குத்தினாள். குத்தி முடிந்த பிறகும் அம்மாக்கண்ணு அம்மா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நாங்களும் அவசரப்படுத்தவில்லை.