ஸ்டோர் வளைவு

மைசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒருவர் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார். காதில் எப்போதும் ஒரு பேனா. தினமும் ஷிஃப்டுக்கு முன் பாதுகாப்புச் சீட்டில் ஒரே வரியை எழுதிப் போடுவார்: ‘ஸ்டோர் வளைவில், எதிரே வருபவரைக் காட்டும் கண்ணாடி உடைந்திருக்கிறது.’

சீட்டுகளைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. பட்டியல் சுருங்கட்டும் என்று அவருடைய பத்தொன்பது சீட்டையும் ஒரே புகாராகச் சேர்த்தேன். எண்ணிக்கை ஒன்றாகிவிட்டதால் அது பட்டியலின் அடிக்குப் போனது.

நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு அவர் நேராக என்னிடம் வந்தார்.

“ஏனு சார் இது, ஒரே ஒரு தடவைன்னு போட்டிருக்கு?” என்று கன்னடம் கலந்து கேட்டார்.

“ஒரே விஷயம்தானே அண்ணா?”

“நேத்து எழுதினது நேத்தைக்கு. இன்னைக்கும் நான் அங்கதானே சார் திரும்பணும்?”

போய்விட்டார். சற்று நேரத்தில் வளைவிலிருந்து ஹார்ன் நீளமாகக் கேட்டது. ஒரு நாளைக்கு எத்தனை முறை அங்கே திரும்புகிறார் என்று நான் கேட்டதே இல்லை.