பங்களாத் தரையின் மெழுகு வாசம்

றக்வானையில் தேயிலைத் தோட்டத்தின் பழைய துரை பங்களாவை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததுமே தரை மெழுகின் வாசம் மூக்கில் ஏறியது.

துரை குடும்பம் இங்கே இருந்தபோது எனக்கு ஏழு வயது. அம்மா இங்கேதான் வேலை செய்தாள். ஒருநாள் காய்ச்சலோடு முட்டிபோட்டு இந்தத் தரைக்கு மெழுகு தேய்த்தவள், அப்படியே வாந்தி எடுத்துச் சாய்ந்தாள். நான் அலறினேன். துரையின் மனைவி, துரைசாணி, மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"மொதல்ல தரைய தொடை!"

"மன்னிச்சிருங்க தொரசாணி," என்று சொல்லிக்கொண்டே அம்மா தன் முந்தானையால் துடைத்தாள்.

"இத்தன வருசமாகியும் தரை எப்படி மின்னுது பாருங்க," என்றார், இப்போது எங்களுக்குப் பங்களாவைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி பெருமையாக.

"எங்கம்மா வாந்திய அவங்களையே தொடைக்க வச்ச தரைங்க இது," என்றேன்.

அவர் துரைசாணியின் தேநீர்க் கோப்பைகளைக் காட்ட அடுத்த அறைக்குக் கூப்பிட்டார். நான் போகவில்லை. வாசலுக்கு வந்து காறித் துப்பினேன்.